மாடிவீட்டு எச்சவியல்

புனேயில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர், குடிவருகிறவரின் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். அதில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் நான்கு பேருக்காக நான்கு முறை அந்தக் கட்டத்துக்கு முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்கிறேன். மாணவர் என்று எழுதலாமென்றால் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது. டாக்டர் என்று எழுதினால் அடுத்த வீட்டு மராத்திக்காரம்மா அன்று மாலையே முழங்கால் எக்ஸ்ரேயோடு படியேறுவார். ஆசிரியர் என்றால் வகுப்பு கிடையாது. ஊழியர் என்றால் பி.எஃப். கிடையாது. பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சியாளர் என்ற பொருளில் ‘போஸ்ட்டாக்’ என்று எழுதினேன். தபால் இலாகாவா என்று கேட்டார்கள்.

முப்பத்தோராண்டு திருநெல்வேலிச் சீமைப் பள்ளிக்கூடங்களில் இலக்கணம் நடத்தியவள் நான். குழந்தை என்ன திணை, ஞாயிறு என்ன திணை என்று கேட்டுப் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியவள். அப்படிப்பட்டவளுக்குத் தன் மாடியில் குடியிருக்கிற ஓர் உயிரை எந்த வகையில் அடக்குவதென்று தெரியாமல் போவது மானப் பிரச்சினை. இந்நூல் எழுந்த காரணம் அதுவே.

நூலென்றால் பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும். வடக்கே ஆளந்தி, தெற்கே யேர்வாடா, கிழக்கே லோஹேகாவ் விமான நிலையம், மேற்கே கட்கி, நடுவே விஷ்ராந்த்வாடி. விஷ்ராந்த் என்பது வேறொன்றுமில்லை, நம் விச்ராந்திதான். ஓய்வு பெற்ற பிறகு மகளோடு இருக்கலாமென்று கிளம்பி வந்த ஊருக்கு ஓய்வென்றே பெயர் அமைந்ததை என் வீட்டுக்காரர் நல்ல சகுனம் என்றார். மகள் மறு வருடமே டொராண்டோவுக்குப் போய்விட்டாள். மாடி காலியாயிற்று. முதலில் குடிவந்தவன் விருதுநகர்ப் பையன். மனித மூளையைப் படமெடுத்து, அது எப்படி நினைக்கிறது, எப்படி மறக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. போகும்போது சாவியை அதே ஆய்வகத்தில் சேர்ந்த அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அடுத்தவளுக்கு. அவள் அடுத்தவனுக்கு. ஆக, இந்நூலின் தரவு நால்வர். நாலு பேரை வைத்து ஒரு சாத்திரமா என்று சிரிக்கிறவர்கள், அந்தத் துறையில் எத்தனை பேரை வைத்துச் சாத்திரம் எழுதினார்கள் என்று முதலில் விசாரிக்கட்டும். பின்னால் நானே சொல்கிறேன்.

முதலாவது திணை. மனிதர்தானே, உயர்திணை என்று அவசரப்படக் கூடாது. மாணவர் விடுதி இவர்களை மாணவர் இல்லை என்கிறது. ஆசிரியர் குடியிருப்பு ஆசிரியர் இல்லை என்கிறது. வங்கிக்காரர், வருவது சம்பளமில்லை, உதவித்தொகை என்று கடன் விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டுகிறார். சரி, அஃறிணை என்றாவது வைக்கலாமா என்றால் அதற்குரிய மரியாதையும் இல்லை. படமெடுக்கிற இயந்திரத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. படமெடுக்கிறவருக்கு அது கிடையாது. எனவே இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர் என்று கொள்க.

இடம் மூன்று. ஆராய்ச்சியைச் செய்யும்போது தன்மை ஒருமை: இரவு இரண்டு மணிக்கு அவன் ஒருவன்தான். கட்டுரையில் அதுவே தன்மைப் பன்மை: ‘நாங்கள் கண்டறிந்தோம்’. பிழை வந்தால் மட்டும் முன்னிலை ஒருமை: ‘இதை நீ பார்க்கலையா?’

தொகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானதுதான். மத்திய அரசு 2023 ஜனவரி முதல் ரிசர்ச் அசோசியேட் எனப்படும் இவர்களில் முதல் படிக்கு மாதம் 58,000 ரூபாய், இரண்டாம் படிக்கு 61,000, மூன்றாம் படிக்கு 67,000, வீட்டு வாடகைப்படி தனி என்று வைத்திருக்கிறது. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து வரும். உம்மைத்தொகையில் உம் மறைந்து வரும். உதவித்தொகையில் தொகையே மறைந்திருக்கும். வரும்போது நாலு மாதத்துக்குச் சேர்த்து வரும். அந்த நாலு மாதமும் நான் வாடகை கேட்பதில்லை. ஏன் கேட்கவில்லை என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்பார்.

இனி நூலின் உயிர்நிலை. வாக்கியம் முடிந்து நின்றால் முற்று. முடியாமல் இன்னொரு சொல்லுக்காக ஏங்கி நின்றால் எச்சம். பேராசிரியர் வினைமுற்று. பி.எச்டி. மாணவரைக்கூட முற்று வரிசையில் சேர்க்கலாம், என்றைக்காவது முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. போஸ்ட்டாக் முழு எச்சம். அவர்களுக்கு ஆய்வகம் கொடுப்பது ஒரு வருட நீட்டிப்பு, நான் கொடுப்பது பதினோரு மாத ஒப்பந்தம். இரண்டில் எது முதலில் தீரும் என்று நாங்கள் இருவருமே சொல்ல மாட்டோம்.

எச்சம் இரண்டு வகை. பெயருக்காக ஏங்குவது பெயரெச்சம், வினைக்காக ஏங்குவது வினையெச்சம். விருதுநகர்ப் பையன் பெயரெச்சம்: கட்டுரையில் தன் பெயர் முதலில் வருமா, இரண்டாவதாகப் போகுமா, ‘மற்றும் பிறர்’ என்ற பள்ளத்துக்குள் விழுந்துவிடுமா என்பதே அவனுக்கு ராத்தூக்கம் கெட்ட கவலை. மூன்றாமவள் வினையெச்சம்: பெயர் மூன்று முறை முதலில் வந்துவிட்டது, வேலைதான் வரவில்லை. இவற்றுக்கு மேல் ஒன்று உண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெயரைக் கேட்டாலே சிரிக்கிற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். முப்பத்தோராண்டும் ‘வாடா மலர்’ என்ற ஒரே உதாரணத்தை வைத்து ஓட்டினேன். வெளிவராக் கட்டுரை, கிடைக்கா வேலை, பதில்வரா மின்னஞ்சல் என்று மாடியில் இத்தனை உதாரணம் காய்த்துத் தொங்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கருவி நோக்கில் இவர்கள் மின்வழியார், காந்தவழியார் என இரு பெருங்குடியினர். மின்வழியார் மண்டையோட்டுக்கு வெளியே மின்முனைகளை ஒட்டி, உள்ளே ஓடும் மைக்ரோவோல்ட் அலைகளைப் பதிகிறார்கள். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதலில் பதிந்து, ஐந்து வருடம் யோசித்து 1929-இல் அச்சிட்ட முறை அது. அவர் ஐந்து வருடம் எதை யோசித்தாரோ, என் இரண்டாம் குடித்தனக்காரி யோசித்ததெல்லாம் தேங்காயெண்ணெயைத்தான். எண்ணெய்த் தலையில் மின்முனை சரியாகப் பற்றாது. ஷாம்பு போட்டு அலசிய தலையோடு வர வேண்டும். கட்கியில் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் ஆறு பேரை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், ஆகாது. மறுநாளும் பிசுக்கு போகாது. திங்கள் ஒருத்திக்கு விரதம். ஆகக் கடைசியில் நம் பெண்களின் சிந்தனை வியாழக்கிழமைகளில் மட்டுமே அளக்கப்பட்டது. அது பொதுவாக மனித குலத்தின் சிந்தனை என்று கட்டுரையில் வந்திருக்கிறது.

காந்தவழியாரைப் பற்றி நான் கேள்வி ஞானத்தில் எழுதவில்லை. உள்ளே போய் வந்தவள். மூன்றாமவளுக்கு, மறதி நோய் இல்லாத அறுபது வயதுக்காரர் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவரை அவர்கள் ‘கன்ட்ரோல்’ என்கிறார்கள். “ஏளா, நீ கன்ட்ரோலா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். “வீட்டுல முப்பத்தஞ்சு வருசமா அதுதானே.”

பகலெல்லாம் எம்.ஆர்.ஐ. இயந்திரம் நோயாளிகளுக்கு. ஆராய்ச்சிக்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் கிடைக்கும். அதன் வலிமை மூன்று டெஸ்லா, பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு. உடம்பில் குண்டூசி இருக்கக் கூடாது. வளையல் கழன்றது. மூக்குத்தி கழன்றது. மெட்டி சோப்பு போட்டுக் கழன்றது. தாலிக்கு வந்தபோது கழற்ற மாட்டேன் என்றேன். அந்தப் பெண் பதறவே இல்லை. பழக்கப்பட்டவள் போலப் பையிலிருந்து மஞ்சள் கிழங்கு கோத்த கயிறொன்றை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஆகிற செலவை நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த மனுஷர், ஆஸ்பத்திரி வராந்தாவில் டியூப்லைட்டுக்குக் கீழே இரவு ஒன்பதரை மணிக்கு மூன்று முடிச்சுப் போட்டார். சாட்சிக்கு ஒரு வார்டு பாய் இருந்தான்.

குழலுக்குள் கேட்கும் ஒலிகள் மூவகைப்படும். வல்லினம்: கட்டை கட்டையாக டக்டக்கென்று மண்டையில் தட்டுவது. மெல்லினம்: ஙொய்யென்று மூக்கால் அழுவது. இடையினம்: படமெடுக்காத நேரத்திலும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் குளிரூட்டும் பம்பின் மூச்சு, உள்ளே காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், சுழிக்குக் கீழே 269 பாகை செல்சியஸில் முங்கிக் கிடக்கிறதாம். காதில் பஞ்சு, அதற்கு மேல் பெரிய காதுமூடி, தலைக்கு இரு பக்கமும் அண்டக்கொடுத்த தலையணை. முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி. “டீச்சர், அந்தக் குறியைப் பாத்துக்கிட்டே சும்மா இருங்க. எதையும் குறிப்பா நினைக்க வேண்டாம். தூங்கிடாதீங்க. தலையை மட்டும் அசைக்காதீங்க. சரியா?”

இந்தச் ‘சும்மா’வுக்கு ஒரு வரலாறு உண்டு. வெகு காலம் அந்தத் துறையில் யாரும் சும்மாவை மதிக்கவில்லை. ஒரு வேலையைக் கொடு, அப்போது மூளையில் எங்கே ரத்தம் ஏறுகிறது என்று பார், சும்மா இருக்கும்போது எடுத்த படத்தை அதிலிருந்து கழித்துவிடு. இதுதான் முறை. ரத்தத்தின் ஆக்சிஜன் மாறுவதைக் காந்தத்தால் காணலாம் என்று செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டியதிலிருந்து அப்படித்தான். (படத்தில் தெரிவது நினைப்பே அல்ல என்பதையும் வாசகர் அறிக. நினைப்பு ஓடி ஐந்தாறு விநாடி கழித்து அந்த இடத்துக்கு ஏறுகிற ரத்தம் அது. பஸ்ஸைப் பார்க்கவில்லை, பஸ் போன புழுதியைப் பார்க்கிறோம்.) 1995-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பரத் பிஸ்வால் என்ற ஆராய்ச்சி மாணவர், மற்றவர்கள் இரைச்சல் என்று வடிகட்டி எறிந்ததை எடுத்துப் பார்த்தார். ஆள் விரலைக்கூட அசைக்காமல் கிடக்கும்போதும், இடது கையை ஆட்டும் மூளைப் பகுதியும் வலது கையை ஆட்டும் மூளைப் பகுதியும் மெதுவாக, ஒரே தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 2001-இல் செயின்ட் லூயிஸில் மார்கஸ் ரெய்க்லும் சகாக்களும், வேலை வந்தால் அடங்கிப்போய், வேலை இல்லாதபோது மட்டும் கொட்டமடிக்கிற பகுதிகளுக்கே ஒரு பெயர் வைத்தார்கள். உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருக்கிற மூளை, உடம்பின் ஆற்றலில் இருபது பங்கைத் தின்கிறது. கணக்குப் போடச் சொன்னாலும் அந்தச் செலவு மேற்கொண்டு ஐந்து சதவீதம்கூட ஏறுவதில்லை. மற்றதெல்லாம் சும்மா இருக்கிற செலவு.

எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டு எட்டு நிமிடம் கிடந்தபோது நான் நினைத்தவை: சிலிண்டரை மூடினேனா, தாலி அவர் சட்டைப் பையிலா பர்ஸிலா, 1987-இல் ஆறாம் வகுப்பில் நான் அடித்த பையன் இப்போது எங்கிருப்பான், டொராண்டோவில் இப்போது மணி என்ன.

படம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டேன்: “என்னம்மா, என் மூளையில என்ன இருக்கு?”

“அதை நான் சொல்லக் கூடாது டீச்சர்.”

இதுவும் ஒரு விதி. இவர்கள் வைத்தியர் இல்லை. நோயில்லை என்று வந்து படுக்கிறவர்களிலும் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு உள்ளே கட்டியோ வீங்கிய ரத்தக்குழாயோ தற்செயலாகத் தென்பட்டுவிடும். அப்போது படம் கதிரியக்க மருத்துவரிடம் போகும். கண்டவள் வாய் திறக்கக் கூடாது. அதனால் ஒன்றுமில்லாதவர்களிடமும் ஒன்றும் சொல்லாமல் பழகிக்கொள்கிறார்கள். இந்தப் பழக்கம் நாளடைவில் குணமாகி, “சாப்பிட்டியாம்மா?” என்றால்கூட ஒரு கணம் நிதானித்துத்தான் பதில் வரும்.

மூன்றாம் நாள் அவளே படியில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். என் படம் பயன்படாது. “நான் சரியான்னு கேட்டப்போ எல்லாம் நீங்க தலையாட்டிட்டீங்க டீச்சர்.” அரை மில்லிமீட்டர் அசைவே பகுதிகளுக்கிடையில் இல்லாத உறவைக் காட்டிவிடுமாம். முப்பத்தோராண்டு வகுப்பில் தலையாட்டிப் பழகிய தலை. எனக்காகக் கட்டிய தாலிக்கயிறு ஆராய்ச்சிக்கு உதவவில்லை.

இனி உரைவேறுபாடு. ஒரே குறள்நூலுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்று பெருமையாகச் சொல்வேன். நேச்சர் இதழில் 2020-இல் வந்த ஒரு சோதனையில், ஒரே மூளைப் படத் தொகுப்பை எழுபது குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கருத்துகளைச் சொல்லி, இவை உண்மையா பாருங்கள் என்றார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் பகுத்தாராயவில்லை. முடிவுகளும் ஆளுக்கொரு பக்கம் போயின. எழுபதின்மர் உரை! அதற்கு முன்பே, 2016-இல், ஆண்டெர்ஸ் எக்லுண்டும் கூட்டாளிகளும், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திய மென்பொருள்களில் ஐந்து சதவீதம் என்று நம்பியிருந்த தவறு, சில முறைகளில் எழுபது சதவீதம் வரை போவதைக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் சோதனைப் பொருளாக எடுத்ததும் சும்மா கிடந்தவர்களின் படங்களையே. விருதுநகர்ப் பையன் அன்று இரவு கீழே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் மேலே போனான்.

இந்த இடத்தில் மீனைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் கிரேக் பென்னட்டும் மூவரும், 2009-இல் வெளியான ஒரு சோதனையில், செத்த சால்மன் மீனொன்றை இயந்திரத்துக்குள் வைத்து, மனிதர்கள் பழகுகிற புகைப்படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று முறைப்படி கேட்டார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் சில புள்ளிகள் பளிச்சிட்டன! ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்தால் சில தற்செயலாகத் தேறிவிடும் என்று காட்டத்தான் இத்தனையும். 2012-இல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கிடைத்தது. இதை நான் விளக்கிச் சொன்னபோது என் வீட்டுக்காரர், “பெறவு அந்த மீனை என்ன செஞ்சாங்க?” என்று மட்டும் கேட்டார்.

பாயிரத்தில் பாக்கி வைத்ததையும் தீர்த்துவிடுகிறேன். இத்துறைக் கட்டுரைகளில் வழக்கமாக இருப்பது இருபத்தைந்து பேர் அளவில்தான் என்றும், மூளையின் அமைப்பை மனிதரின் குணத்தோடு பொருத்திச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்றும் 2022-இல் நேச்சரில் எழுதினார்கள். என் நால்வர் அவ்வளவு மோசமில்லை.

புறனடை: கருவியிலார் என்றொரு வகை உண்டு, அருகி வழங்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போன வி.எஸ். ராமச்சந்திரனை அதில் வைக்கிறேன். கை வெட்டுப்பட்ட ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். அந்த ஆளுக்கு இல்லாத கையின் விரலில் தொட்ட மாதிரி இருந்தது. மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் அடுத்தடுத்த வீடு. காலியான வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் நுழைந்துவிட்டார். இல்லாத கையின் வலிக்கு ஒரு பெட்டியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்து வைத்தியம் பார்த்தார். நாலாமவனிடம் இதைச் சொல்லி, நீயும் இப்படி ஏதாவது செய்யேன் என்றேன். “அதுக்கு ஃபண்டிங் கிடைக்காது டீச்சர், செலவே இல்லையே” என்றான்.

ஓய்வு வகையும் ஒன்று சொல்ல வேண்டும், ஊர்ப் பெயருக்காக. வருடத்தில் ஒரு நாள் இவர்கள் ஓய்வெடுப்பார்கள். ஆளந்தியில் 1296-இல் சமாதியில் அமர்ந்த ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, வார்க்கரிகள் பண்டரிபுரத்துக்குக் கால்நடையாகப் போகிற ஆஷாட யாத்திரை எங்கள் ஆளந்தி சாலை வழியே வரும். அன்று பஸ் ஓடாது, ஆய்வகத்துக்குப் போக வழியில்லை. நாலாமவன் போன ஆண்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கீழே தாளமும் துளசி மாடம் சுமந்த பெண்களுமாக மணிக்கணக்கில் கூட்டம் போயிற்று. மடிக்கணினி பின்னால் நாற்காலியில் திறந்தே கிடந்தது. இரண்டு மணி நேரம் அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன நினைக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவர்கள் விதி ஞாபகம் வந்து கேட்கவில்லை.

அவனுக்கு முப்பத்துநாலு முடிகிறது. தேசிய அளவில் போஸ்ட்டாக்குகளுக்குக் கொடுக்கிற நிதிக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. சென்ற மாதம் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. வேலையா என்றேன். இன்னொரு போஸ்ட்டாக், இரண்டு வருடம். தமிழில் ஒரு முற்றுக்கு முன்னால் எத்தனை எச்சம் வேண்டுமானாலும் அடுக்கலாம், இலக்கணம் தடுப்பதில்லை. அவனிடம் இதைச் சொல்லவில்லை. புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் கட்டிக் கொடுத்தேன். சாவியை வைத்துவிட்டு, “போயிட்டு வர்றேன் டீச்சர்” என்றான். விமான நிலையம் பக்கம்தான்; ஆட்டோ திங்கரே நகர்ப் பக்கம் திரும்புகிற வரை வாசலில் நின்றேன்.

உள்ளே வந்தால் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. மதுரைப் பெண்ணாம், அதே ஆய்வகம், மூளையில் மொழி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாளாம். மாடியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள்.